முன்னிடம்

மாலை ஆறு மணிக்குக் கிண்டியில் பேருந்து ஏறியபோது என் தலைக்குள் நான்கு பேர் இருந்தோம். அந்த வாரம் சுமக்கும் முறை என்னுடையது.

"கோகுலா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பேன். புழுங்குது," என்றார் வங்கியில் வேலை பார்க்கும் ஹேமலதா அக்கா.

"திரும்பாதப்பா, வெயில் கண்ணுல அடிக்குது. நான் தூங்கணும்," என்றார் பெனடிக்ட் சார்.

இருவருக்கும் பொதுவாக ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். நான்காமவர் பெரியசாமி, எங்கள் குழுவுக்குப் புதியவர். எதுவும் கேட்க மாட்டார்.

மெய்ப்பகிர்வுச் சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்குப் போக வேண்டியது மனம். அதற்காக எழுபது கிலோவை ஏன் ஏற்றி இறக்க வேண்டும் என்று போக்குவரத்து ஆணையம் கேட்டது. நியாயமான கேள்வி. நால்வருக்கு ஓர் உடல், ஒரே டிக்கெட். மற்ற மூன்று உடல்களும் அவரவர் நிறுத்தத்தில், பழைய சைக்கிள் ஸ்டாண்டில், காலில் டோக்கன் கட்டிப் படுத்திருக்கும். அலுவலகத்தில் அலுவலக உடல்கள் உண்டு. டை கட்டியே வைத்திருப்பார்கள். சாலையில் இப்போது நெரிசல் கிடையாது. நெரிசல் முழுவதும் உள்ளே வந்துவிட்டது.

எதிர் இருக்கையில் ஒரு பெண்ணின் வாய் சிரித்துக்கொண்டிருக்க, கண்கள் அழுதுகொண்டிருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெவ்வேறு ஆட்களாக இருக்கும்.

மூவரும் இறங்க வேண்டிய இடம் குரோம்பேட்டை. அங்கே நானும் இறங்கி, இறங்குகம்பத்தில் உள்ளங்கையை வைத்தேன். அதன் வழியாகத்தான் அவரவர் தம் உடலுக்குப் போவார்கள். 'சுமப்பவர் முன்னிடத்தைவிட்டு நகரக் கூடாது' என்று கம்பத்தில் எழுதியிருக்கும். கண்களுக்குப் பின்னால் இருக்கும் இடம்தான் முன்னிடம். அதில் இருப்பவர் கையில் உடல்.

"வழி விடு தம்பி," என்றார் அக்கா.

படிக்கட்டில் நிற்பவன் இறங்கி வழிவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வதுதானே நம் ஊர் மரியாதை? நானும் ஒரு கணம் கம்பத்துக்குள் இறங்கி நின்றேன். அக்கா போனார். சார் போனார். திரும்ப ஏறினால், முன்னிடத்தில் பெரியசாமி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அது என் இடம்."

"பேரு எழுதியிருக்கா தம்பி?"

"கைரேகையே இருக்கேண்ணே!"

"அந்தக் கை இப்ப நம்மகிட்டல்ல இருக்கு," என்று அவர் கையைக் கம்பத்திலிருந்து எடுத்தார். என் கை.

"விளையாடாதீங்க. உங்க ஸ்டாப் இதுதான்."

"இறங்கி எங்க போறது? என் உடம்ப போன மாசமே வித்தாச்சு. மாசத்துல மூணு வாரம் சும்மா படுத்துக் கிடக்குறதுக்கு ஸ்டாண்டு வாடகை எதுக்கு? கணக்குப் பாத்தா லாபம்தான். அப்புறம் ராத்திரியில யார் தலையிலயாவது ஒட்டிக்கிட்டு சுத்திக்கிட்டு இருந்தேன்."

"அண்ணே, கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆச்சு. யாழினி காத்துக்கிட்டிருப்பா."

"தெரியும். நாலு நாளா நீங்க நினைக்கிறது எல்லாம் எனக்கும் கேட்குது."

புகார் கொடுக்க வழி இருக்கிறது. சுமப்பவர் தம் வாயால் சொல்ல வேண்டும்.

அடுத்த பேருந்தில் ஏறி, கூடுவாஞ்சேரியில் இறங்கி, பெரியசாமி என் தெருவில் என் நடையில் நடந்தார். யாழினி கதவைத் திறந்தாள். வழக்கமாக நான் செருப்பைக் கழற்றியதும் கட்டிலில் விழுவேன். மூன்று பேரின் பேச்சைக் கேட்டுவிட்டு வருபவனுக்கு நான்காவது குரல் தாங்காது. இவர் சமையலறை வாசலில் நின்று, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அவள் முதுகு வலியைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொன்னாள். இவர் எல்லாவற்றையும் கேட்டார், நடுவில் இரண்டு முறை சிரித்தார்.

"இன்னைக்குத்தான் நீங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு," என்றாள் யாழினி.

நான் கத்தினேன். என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

பெரியசாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, லேசாகத் தலை வலிக்கிறது என்றார். யாழினி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தைலம் தடவி, நான் அடங்கும்வரை அழுத்தித் தேய்த்துவிட்டாள்.