முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி

புதுக் கதவு மாட்டிய மறுநாள் சாயங்காலமே, அதிலிருந்த நாலு கண்ணாடிகளில் ஓரத்துக் கண்ணாடி மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்து மங்கியிருப்பதை மார்லிஸ் பார்த்தாள். அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் ஜனவரி மாதம் கண்ணாடி மங்குவது ஓர் அதிசயமா என்று கேட்கலாம். ஆள் புழங்குகிற வீட்டில் அதிசயமில்லைதான். இது கராஜ். உள்ளே ஹீட்டர் கிடையாது, புருஷன் வெர்லினின் பிக்கப் வண்டியையும் போன வருஷமே, பனி உருகின கையோடு விற்றாயிற்று. மூச்சுவிட ஓர் எலிகூட இல்லாத இடத்தில் கண்ணாடிக்கு ஏது ஆவி?

கையுறையால் தேய்த்தாள். போகவில்லை, உள்பக்கமாயிற்றே. புது ரப்பரின் ஈரமாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

எண்ணை அழுத்தினால் மேலே ஏறி, கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிற அந்தக் கதவை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரர் கென்ட் தலைபாடாக அடித்துக்கொண்டார். கண்ணாடி வேண்டுமென்றால் உச்சி வரிசையில் வைக்கலாம், வெளிச்சம் வரும், திருட்டுப்பயல் எட்டிப் பார்க்க முடியாது, அதுவும் பால் நிறக் கண்ணாடியாக இருந்தால் நல்லது என்றார். தெருவே அப்படித்தான் வைத்திருந்தது. மார்லிஸ் ஒற்றைக்காலில் நின்றாள். தெளிந்த கண்ணாடிதான் வேண்டும், அதுவும் தன் முகத்துக்கு நேரே வேண்டும்.

கூட வந்த அக்கா ஆர்டிஸுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏண்டி, நீ வச்சிருக்கிற பனி தள்ளுற மெஷினை ஊரே வேடிக்கை பாக்கணுமா? டிக்கெட் போட்டு விக்கப்போறியா?"

"உள்ள யாராவது இருந்தா வெளியிலேர்ந்து தெரியணும்க்கா" என்றாள் மார்லிஸ்.

ஆர்டிஸ் தங்கையின் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன குளிர்காலம் வரை அங்கே இருந்தது பொட்டு ஓட்டைகூட இல்லாத பழைய மரக்கதவு. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் வெர்லின், உள்ளே வண்டியை ஓடவிட்டு இஞ்சினில் எதையோ குடைந்துகொண்டிருந்தான். புகையும் போகவேண்டும், குளிரும் ஏறக்கூடாது என்று அந்தப் பக்கத்து ஆம்பிளைகள் செய்கிற மாதிரியே கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தான். தெருமுனைச் சர்ச்சில் சூப் விருந்து. அதற்கு மார்லிஸ் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, பனி தள்ளும் லாரி காது கிழியக் கத்திக்கொண்டு தெருவில் போனது. இஞ்சின் ஓடுவது அவளுக்குக் கேட்கவில்லை. அவன் மாடியில் தூங்குகிறான் என்றே நினைத்தாள். எந்தக் கதவு திறந்து கிடந்தாலும் அங்கே யாருக்கும் பொறுக்காது, ஊருக்கெல்லாம் சேர்த்தா ஹீட்டர் போடுகிறோம் என்பார்கள். இந்த மனுஷனுக்கு மறதியே மறதி என்று முனகியபடி, கதவை ஏற்றி இறக்க வெளிச்சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் எண்களை அழுத்திக் கதவை முழுசாக இறக்கிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது கராஜ் முழுக்க வண்டிப் புகை, வண்டிப் பக்கத்தில் அவன் கிடந்தான். டாக்டர் தோளைத் தொட்டுச் சொன்னார், "மயக்கத்துலயே போயிட்டார்ம்மா. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷமும் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கியது.

கண்ணாடியைத் தேய்த்துவிட்டு வந்த அன்று நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஏரியிலிருந்து வந்த காற்று கூரை விளிம்பில் ஊளையிட, சமையலறையில் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்தவளின் மூக்கில், எரிந்த பெட்ரோலின் அந்தப் பழைய நெடி, முதலில் நினைவு மாதிரி லேசாகவும் பிறகு நிஜமாகத் தொண்டையைக் கரிக்கும்படியும் வந்து ஏறியது. கத்தியைக் கீழே வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், கராஜில், ஏதோ உறுமியது. பனி லாரி இன்றைக்கு வரவில்லை. கோட்டுகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

நாலு கண்ணாடியும் மங்கியிருந்தது.

உள்ளே தட்டுகிற சத்தம். உள்ளங்கையால் தட்டுவது. மெதுவாக. அப்புறம் வேகமாக.

கிட்டே போனாள்.

ஒரு கை உள்ளிருந்து ஆவியைத் துடைத்தது. பெரிய கை. கிரீஸ் அப்பின நகங்கள். துடைத்த இடத்தில் வெர்லின் முகம். கன்னமெல்லாம் சிவந்து, கண் பிதுங்கி. செத்தவன் முகமில்லை. சாகப்போகிறவன் முகம். உதடு அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் பெயரைத்தான்.

ஐயோ, தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது அவனுக்கு. கதவு வரைக்கும் வந்திருக்கிறான். கூப்பிட்டிருக்கிறான்.

விறைத்த விரலால் எண்களை அழுத்தினாள். தப்பு. மறுபடி அழுத்தினாள். கதவு முனகிக்கொண்டு எழும்பியது. முழங்கால் உயரம். குனிந்து பார்த்தாள். வெறும் சிமெண்ட் தரை. கால்கள் இல்லை. நிமிர்ந்தாள். கண்ணாடியில் முகம் இருந்தது, தட்டிக்கொண்டிருந்தது.

கதவு ஏறியது. கண்ணாடி ஏறியது. முகமும் கூடவே ஏறியது. வளைவில் திரும்பி, கூரைக்கடியில் போய்க் கதவு மல்லாந்து படுத்தது.

கராஜ் காலி. வண்டியில்லை, புகையில்லை.

மார்லிஸ் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் நாலு கண்ணாடி. ஓரத்துக் கண்ணாடியின் அந்தப் பக்கம், கூரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாத இருட்டில், குப்புறக் கிடந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான் வெர்லின்.

"திறந்துட்டேன்" என்றாள். அழுகையில் குரல் உடைந்தது. "பாரு, நல்லாத் திறந்துட்டேன். வந்துடு, வெர்லின்."

பனி உள்ளே அடித்து அவள் காலடியில் சேர்ந்தது. வாசல் விரியத் திறந்து கிடந்தது. அவன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.