லோ கியரில் ஒன்பது மைல்

வலது முன்சக்கரத்தின் பூட்டு ஏற்கெனவே திருகப்பட்டிருந்தது.

வெர்லா டோஃப்டெ கையுறையைக் கழற்றி இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். அவளுடைய பிக்கப் முப்பது வருடப் பழசு. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் இறங்கிப்போய் முன்சக்கரங்களின் நடுவிலுள்ள குமிழ்களைக் கையால் திருகிப் பூட்டிவிட்டு, அதன்பிறகுதான் உள்ளே இருக்கும் குட்டைக் கம்பியைத் தள்ள வேண்டும். நேற்று மாலை இரண்டு குமிழ்களையும் திறந்துவிட்டவள் அவளே. இந்த வண்டியை வேறு யாரும் தொடுவதில்லை. தம்பி ஆரின் வாசற்படி தாண்டி இரண்டு வருடம் ஆகிறது.

"நல்லது, ஒரு வேலை மிச்சம்" என்று காற்றிடம் சொல்லிவிட்டு இடப்பக்கக் குமிழைத் திருகினாள்.

மணி மூன்றரை. பக்கத்து இருக்கையில், டவுனுக்கு வந்து வாங்கி பெல்ட் போட்டுக் கட்டிய இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்கள். காலையில் பனியின் பாரத்தில் மின்கம்பி அறுந்து ஆரினின் மூச்சுக் கருவி நின்றுபோனது. வீட்டில் மிஞ்சிய ஒரே சிலிண்டர் ஐந்தே கால் வரை தாங்கும். வீட்டுக்கு இன்னும் பதினோரு மைல்.

வயர்லெஸ் கரகரத்தது. "என்னக்கா, வண்டிய ஓட்டுறியா, உருட்டுறியா?"

"வாய மூடிட்டு மூச்ச மிச்சம் பண்ணுடா."

"ஹையிலதான போட்ட?"

"நான் லைசென்ஸ் எடுத்தப்ப நீ டயப்பர்ல இருந்த."

குட்டைக் கம்பிக்கு இரண்டு நிலை: பனி மூடிய சாலைக்கு ஹை. குவிந்த பனிக்கும் இழுவைக்கும் லோ. காற்று துடைத்துவிட்ட வெறும் தாரில் இரண்டுமே கூடாது, சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக் கியர் பெட்டியை உடைத்துவிடும். அந்த ஊர்ப்பக்கம் எல்லோரும் இப்படித்தான் ஓட்டினார்கள். சாலைக்குக் குறுக்கே வெள்ளைத் துணியை உதறுவதுபோலப் பனி ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டரில் கருகிய தூசியின் வாசனை, கண்ணாடித் துடைப்பானின் முனகல், அதற்கும் கீழே, அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு மெல்லிய உரசல் சத்தம்.

இரண்டு மைல் தள்ளி, வலப்பக்கப் பள்ளத்தில் முகப்பு விளக்குகள் இரண்டு மங்கலாக எரிந்தன.

பள்ளத்தில் கிடக்கிற வண்டியை அந்தச் சாலையில் யாரும் தாண்டிப்போவதில்லை. யார் என்று கேட்பதுமில்லை. அந்தக் காற்றில் கேட்டாலும் காதில் விழாது. இறங்கு, இழுவைப் பட்டையை மாட்டு, ஏறு, இழு. பேச்செல்லாம் அப்புறம். வெர்லா ஐந்து நிமிடத்தைக் கணக்குப் போட்டாள். இறங்கினாள். தலையைக் குனிந்தபடியே அந்த வண்டியின் கொக்கியில் பட்டையை மாட்டினாள், ஏறினாள், குட்டைக் கம்பியை லோவுக்குத் தள்ளினாள். பள்ளத்திலிருந்து வண்டி லேசாக, மிக லேசாக, மேலேறி வந்தது.

வழக்கமாக, வெளியே வந்ததும் இரண்டு முறை ஹாரன் அடித்து, இறங்கி வந்து பட்டையைக் கழற்றிச் சுருட்டி, நன்றியாகக் கையில் கொடுப்பார்கள். ஹாரன் அடிக்கவில்லை. யாரும் இறங்கவில்லை.

அவளே போனாள். கதவுக் கண்ணாடியில் உள்பக்கமாகக் கூரைவரை பனி திணிந்திருந்தது. அதில் அழுந்தியபடி ஒரு கை, ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கில் மடங்கியபடி. விரல்கள் சாம்பல் நிறம். உள்ளே எத்தனை வருடத்துப் பனியோ. ஆனால் விளக்கு எரிந்தது.

அவள் கொக்கிக்குத் திரும்பினாள். பட்டையைக் கழற்றப் பார்த்தாள். நின்ற வண்டிகளுக்கிடையே தொய்ந்து கிடக்க வேண்டிய பட்டை, கம்பிபோல விறைத்து நின்றது. கொக்கி நகரவில்லை. கத்தி வைத்து அறுத்துப் பார்த்தாள். கத்தி மழுங்கியது.

மணி நான்கு.

"அக்கா..." ஆரினின் குரல் மெலிந்திருந்தது. "எங்க இருக்க?"

வெர்லா ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பட்டை. அதற்கப்பால் வெண்மை.

"இன்னும் ஒம்போது மைல். தூங்கிராத." பின்னால் இருந்த வண்டியிடம் திரும்பினாள். "தொத்திக்கிறியா? தொத்திக்க. எனக்கு நிக்க நேரமில்ல."

லோ. முதல் கியர். ஆள் ஓடுகிற வேகம்தான். எஞ்சின் ஒரே சுருதியில் முனகியது. ஒரு மைல் கழித்து வண்டி ஒருமுறை குலுங்கியது, ஏதோ கொக்கி மாட்டிக்கொண்டதுபோல. பாரம் கூடியது. இன்னொரு அரை மைலில் மறுபடி குலுக்கல். மறுபடி பாரம். அவள் மாட்டியது ஒன்றைத்தான்.

முன்னால் வெறும் தார். கால் மைல் நீளத்துக்குக் கறுப்பாக. குட்டைக் கம்பியை எடுத்தால் இரண்டு சக்கரத்துக்கு இந்தப் பாரம் நகராது. எடுக்காவிட்டால் கியர் பெட்டி.

"அக்கா... என்ன சத்தம் அது? காஞ்ச தாருல... லோவுல வர்றியா? வெடிச்சிரும்..."

"வெடிச்சா வெடிக்கட்டும். தூக்கிட்டு நடந்து வர்றேன்."

ஸ்டியரிங் கையில் துள்ளியது. இரும்பு இரும்பைக் கடித்தது. எரிந்த எண்ணெய் வாடை. அவள் பாதத்தை எடுக்கவில்லை. தார் முடிந்தது. பனி. மறுபடி குலுக்கல். எண்ணுவதை நிறுத்தினாள்.

"ஆரின்?"

மைக்கை வாயருகே இழுத்தாள்.

"டேய் ஆரின்! திட்டுடா. எதாவது சொல்லித் திட்டு."

வெகுநேரம் கழித்து: "...கெழவி."

"அப்படித்தான்."

வீட்டு மேட்டில் ஏறும்போது ஐந்து மணி எட்டு நிமிடம். எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் பார்க்கவில்லை. சிலிண்டர்களைக் கக்கத்துக்கு ஒன்றாக மூட்டைகள்போல இடுக்கிக்கொண்டு ஓடினாள். பழைய சிலிண்டரின் முள் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. குழாயை மாற்றினாள், திருகினாள். சீறல். ஆரினின் நீல உதடுகள் மெல்ல மெல்ல நிறம் மாறின. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி, ஜன்னலைப் பார்த்தான்.

"அக்கா. யாரையெல்லாம் இழுத்துட்டு வந்திருக்க?"

காற்று சட்டென்று அடங்கியிருந்தது. மேட்டுக்குக் கீழே, சாலை கண்ணுக்கு எட்டும் வரை, ஒன்றோடொன்று பட்டையால் கட்டிய வண்டிகள். பிக்கப்புகள், கார்கள், மஞ்சள் பனிவாரி ஒன்று. எல்லாவற்றிலும் விளக்கு. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

வெர்லா அடுப்புக்குப் பக்கத்திலிருந்த இரும்புத் தடியை எடுத்தாள். போய்க் கதவைத் திறந்து வாசலை அடைத்தபடி நின்றாள்.

"இங்க ஒருத்தன் மூச்சு விட்டுட்டிருக்கான்," என்றாள். "யாரும் உள்ள வரப்படாது."

முதலாவது ஆள் படிக்கட்டில் ஏறினான். முகமிருக்க வேண்டிய இடத்தில் பனி கெட்டித்திருந்தது. அவளுடைய பட்டையை அழகாகச் சுருட்டி, இரண்டு கைகளாலும் நீட்டினான். அவனுக்குப் பின்னால், மேடு முழுக்க, சத்தமில்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சுருட்டிய பட்டை ஒன்று.