வலது கால் கயிறு

ரோஹிணியின் வலது காலில் செருப்பு இல்லை என்பதை அவளுக்குச் சொன்னது, ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மாதான். "இன்னா பொண்ணே, ஒத்தக் கால்ல செருப்பு மாட்டிக்கினு எங்க கெளம்பிட்ட?" என்று அந்தம்மா கேட்டபோது ரோஹிணி முதலில் சிரித்தாள். குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இடது காலில் செருப்பு ஒழுங்காக இருந்தது. வலது பாதத்தில் புழுதியும், தார் ஒட்டிய பொடிக்கற்களும், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில்லும் இருந்தன.

திருச்சானூரில் அத்தை வீட்டிலிருந்து ஆட்டோ நிற்கும் இடம்வரை அவள் அப்படியே நடந்து வந்திருக்கிறாள். மே மாதத்து மத்தியானம். அந்த ரோட்டில் தெருநாய்கூட நிழலுக்கு நிழல் தாவித்தான் போகும். அவளுக்கோ வெறுங்கால் என்பதே தெரியவில்லை. சில்லைப் பிடித்து இழுத்தாள். உருளைக்கிழங்கிலிருந்து வருவதுபோல் வந்தது. ரத்தம் மெதுவாக, யாரோ சொன்ன பிறகு ஞாபகம் வந்ததுபோல், கசிந்தது. வலிக்கவில்லை. கணுக்காலுக்குக் கீழே எதுவுமே அவளுடையதாக இல்லை. கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. அதுவும் அவளுடையதில்லை.

அவள் சித்தூரில் இன்டர் முதலாண்டு, அதாவது ப்ளஸ் ஒன், முடித்தவள். டாக்டராக வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்ன பிள்ளைகளை எல்லாம் அந்தக் காலேஜ், கோடை லீவில் ஆளுக்கொரு டாக்டரிடம் அனுப்பிவிடும். இன்டர்ன்ஷிப் என்று பெயர். டாக்டருக்குப் பின்னால் நிழல்போல் நிற்க வேண்டும். நிழலுக்கு ஸ்டூல் கிடையாது, காபியும் கிடையாது. ரோஹிணிக்கு வாய்த்தது திருப்பதியில் எலும்பு டாக்டர் ப்ரியம்வதா. சுண்ணாம்புத் தூள் பறக்கும் மாவுக்கட்டு ரூமும், எலும்பில் துளை போடும்போது முடி கருகுவதுபோல் எழும் நாற்றமும், நாட்டு வைத்தியர் முட்டை குழைத்துப் போட்ட பச்சிலைக் கட்டை அவிழ்த்ததும் வரும் கவிச்சியும் அவளுக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டன. மயக்கம் போட்டு விழுவாள் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர் உடம்பில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. அரைஞாண், தாயத்து, கைக்கயிறு, கால்கயிறு எல்லாவற்றையும் வாசலிலேயே வெட்டுவது தியேட்டர் உதவியாளர் சின்னப்பனின் வேலை. வெட்டிய கயிறு தரையில் படக்கூடாது என்பது அந்த ஊர்க்காரர்களின் சட்டம். சொந்தக்காரர் கை நீட்டி வாங்கிக்கொள்வார். கார்வேட்டிநகரத்து வேதாச்சலத்தின் வலது காலை, சர்க்கரைப் புண் அழுகியதால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதென்று முடிவான அன்று, கை நீட்ட வேண்டிய அவர் மனைவி கிருஷ்ணம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். சின்னப்பன் கத்தரித்த கயிறு ரோஹிணியின் கைக்கு வந்தது.

"கீழ போட்றாத பாப்பா," என்றார் வேதாச்சலம், தள்ளுவண்டியில் மல்லாந்தபடி. "பாக்கெட்லயும் வெக்காத. காலுக்குக் கட்டினது காலுலதான் இருக்கணும். நான் வர்ற வரிக்கும் நீ கட்டிக்கோ. இந்தக் காலு பொழைச்சா அலிபிரி அடிவாரத்துலேர்ந்து நடந்தே மல ஏறி வரேன்னு வேண்டிக்கினு கட்னது."

பொழைக்கப் போவதில்லை என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பாவமாக இருந்தது. ரோஹிணி குனிந்து, தன் வலது கணுக்காலில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது.

அது முந்தாநாள் நடந்தது. இப்போது அவள் பாதத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள். மின்விசிறி கறக் கறக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. வேதாச்சலம் தலையணையில் சாய்ந்து, வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"வா பாப்பா. இன்னா வெயிலு, சாமி! காலு காந்திக்கினே இருந்திச்சி. அப்பால கட்டைவெரலுக்குக் கீழ சுரீர்னு ஒண்ணு. கண்ணாடி கணக்கா."

"இல்லாத காலு இன்னாத்துக்கு காந்தும்?" என்றாள் கிருஷ்ணம்மா. "காலைலேர்ந்து இப்டிதாம்மா பேத்திக்கினு கீறாரு. ஒரு இட்லி துன்னல."

டாக்டர் ப்ரியம்வதா சிரித்துக்கொண்டே கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "எழுதிக்கோடீ கொழந்தே. கால் போனாலும் மூளைக்குத் தகவல் போகாது. அது பாட்டுக்கு வலிக்கறது, அரிக்கறதும்பா. எல்லாருக்கும் வர்றதுதான்."

ரோஹிணி எழுதிக்கொண்டாள். கண்ணாடிச் சில்லை மட்டும் எழுதவில்லை.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அவள் கயிற்று முடிச்சில் கை வைத்தாள். "தாத்தா, உங்க கயிறு. வாங்கிக்குங்க."

"எங்க கட்டிக்கிறது? இது வலது காலு கயிறு. எடது காலுல ஆம்பள கட்டக்கூடாது." அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் இருந்தது. "உங்கிட்டயே இருக்கட்டும். காலு நல்லா கீது பாப்பா. இப்ப குளுந்த தரைல நிக்கிறாப்ல கீது."

ரோஹிணி குனிந்து பார்த்தாள். கைக்குட்டை அவிழ்ந்திருந்தது. அவள் வலது பாதம் மொசைக் தரையில் வெறுமனே நின்றிருந்தது.

சாயங்காலம் அவள் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். பாதம் மரத்துப்போனதை மட்டும்தான். மற்றதை எப்படிச் சொல்வது? டாக்டர் அவளை மாவுக்கட்டு ரூமில் படுக்கவைத்து, பஞ்சால் தடவினார், ஊசியால் தொட்டார். "தெரியறதா? இது?" தெரியவில்லை. கடைசியில் சுத்தியலின் கைப்பிடி முனையால் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு கோடு இழுத்தார். ரோஹிணியின் கால் அசையவில்லை.

பக்கத்து வார்டில் ஒரு சிரிப்பு வெடித்தது.

டாக்டர் இன்னொரு கோடு இழுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கிழவர் மூச்சு முட்டச் சிரித்தார். "ஐயோ, வேணாம், கூசுது, உட்ருங்க!" கிருஷ்ணம்மா பதறுவது கேட்டது. டாக்டர் மறுபடி இழுக்க, மறுபடி சிரிப்பு. சுத்தியல் நின்றால் சிரிப்பும் நின்றது.

"யாரோ ஒருத்தராவது இங்கே சந்தோஷமா இருக்காளே," என்றார் டாக்டர் ப்ரியம்வதா, கை கழுவிக்கொண்டே. "கால்மேல கால் போட்டு ஒக்காராதே. நரம்பு அமுங்கியிருக்கும். ஒரு வாரத்துல சரியாயிடும்."

ஒரு வாரம் காத்திருக்க அவளால் முடியவில்லை. டாக்டர் போனதும், மாவுக்கட்டு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். கயிறு ஈரமாக, சற்று இறுக்கமாக இருந்தது. கத்தரித்தாள். மருந்துப் பஞ்சு போடும் கூடையில் எறிந்தாள். கணுக்காலில் மெல்லிய சிவப்புத் தடம் இருந்தது. இரத்தம் ஓடத் தொடங்கும், பாதம் விறுவிறுக்கும் என்று விரலால் அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். விரல் தொடுவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை. விரலை மேலே நகர்த்தினாள். ஆடுசதை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. வாளியில் தண்ணீர் ஏறுவதுபோல் அது ஏறியது. முழங்காலுக்குக் கீழே வந்து, மிகச் சரியாகக் கிழவருக்கு வெட்டிய இடத்தில், நின்றது.

சின்னப்பன் கூடையை எடுத்துப் போக வந்தவர், அவள் கணுக்காலில் இருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

"அந்தக் கயித்த நீயா கட்டிக்கினு இருந்த?"

"ஆமாண்ணா."

"அவுத்து அவரு கைல குட்த்தியா?"

"வாங்கிக்கலை. வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா," என்றார் சின்னப்பன். "கட்டு இருந்த வரிக்கும் அது அங்கயே நின்னுக்கினு இருந்திருக்கும் பாப்பா." கூடையைக் கிளறினார். கத்தரித்த கயிற்றின் இரண்டு முனையும் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. கூடைக்கு அடியில் ஒரு ஓட்டை இருந்தது.

மறுநாள் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் ஊருக்குக் கிளம்பினாள். அத்தை தாட்சாயணி தோளில் பையை மாட்டிவிட்டு, "பொண்ணு நடையே ஒரு மாதிரி இருக்குதே, ஆம்பள மாதிரி," என்று முணுமுணுத்தாள். அத்தை சொன்னது சரிதான். அந்தக் கால் நொண்டவில்லை. ரோஹிணியைவிட நன்றாகவே நடந்தது. வயல் வரப்பில் நடந்து பழகியதுபோல் விரல்களை விரித்து, அழுந்த ஊன்றி, அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனது.

பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டீசல் புகை, மாம்பழ வாசனை, வறுத்த வேர்க்கடலை. ரோஹிணி கம்பியைப் பிடித்தாள். இடது காலைப் படியில் வைத்தாள். வலது கால் ஏறவில்லை.

"எக்கம்மா, எக்கு!" என்று தெலுங்கில் ஏறச் சொன்னார் கண்டக்டர்.

இழுத்தாள். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கினாள். சிமென்ட் தரையில் நட்ட கல்போல் அது நின்றது. பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே அவளைத் தாண்டி ஏறினார்கள். விசில் அடித்தது. பஸ் போய்விட்டது. பஸ் போனதும் வலது கால் திரும்பியது. அவள் திரும்பினாள். வேறு வழியில்லை, கால் போகிற பக்கம்தானே உடம்பு போகும்.

வார்டில் வேதாச்சலம் களைத்துப் போயிருந்தார். காய்ச்சல் நாற்றம் கட்டிலைச் சுற்றி நின்றது. அவளைப் பார்த்ததும் பல் போன வாயை உள்ளே மடித்து, வெட்கப்பட்டவர்போல் சிரித்தார்.

"கோச்சிக்காத பாப்பா. படுத்தே கெடந்தா இன்னா பண்றது? சும்மா பஸ் ஸ்டாண்ட் வரிக்கும் ஒலாத்திக்கினு வந்தேன். பஸ்ஸு வேணாம். நமக்கு நடக்கறதுதான வேண்டுதலு."

"எனக்கு என் கால் வேணும் தாத்தா," என்றாள் ரோஹிணி.

"எனக்கும்தான்," என்றார் அவர், மரியாதையாக.

புண்ணில் சீழ் ஏறியிருந்தது. அன்றைக்கே மறுபடியும் தியேட்டர். இந்த முறை தொடைவரை. ரோஹிணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். உள்ளே ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. கிள்ளினாள். வலித்தது. கிள்ளினாள். வலித்தது. ரம்பம் நின்றது. கிள்ளினாள்.

அப்புறம் அவள் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. பயம் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் பால் பொங்குவதுபோல், வாசனை மட்டும் வந்தது. ஒரே ஒரு கணக்கு மட்டும் மனதில் ஓடியது. அவர் பிழைத்தால் கால் அவருக்கு. பிழைக்காவிட்டால் கால் எனக்கு. டாக்டராகப் போகிற பெண் நினைக்கக் கூடாத கணக்குதான். நினைத்தாள்.

அடுத்த நாள் பகல், வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரிசையாகப் போட்டிருந்த நேரத்தில், வேதாச்சலத்தின் மூச்சு நின்றது. டாக்டர் ப்ரியம்வதா நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். கிருஷ்ணம்மா, "என்ன உட்டுட்டு எங்க போன? நடக்கக்கூட முடியாதே உனக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரோஹிணி மாவுக்கட்டு ரூமுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதத்தைப் பார்த்தாள். வா, என்றாள். விறுவிறுப்பு வரும். எறும்பு ஊறுவதுபோல் வரும். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. காத்திருந்தாள்.

இடது பாதம் தெரியவில்லை.

கையால் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். தொட்டாளா? கை தொட்டதைக் கண்தான் பார்த்தது. கையிலிருந்த பேனா விழுந்தது. விழுந்த பிறகு தெரிந்தது. அவரிடமிருந்து வெட்டியதெல்லாம் அவளிடம் வந்தது. இப்போது அவருக்கு எல்லாமே போய்விட்டது.

இடுப்பு. வயிறு. தோள்.

டாக்டர் என்று கத்த வேண்டும். பக்கத்து அறைதான். வாயைத் திறந்தாள். உதடு எங்கே என்று தெரியவில்லை.

அவள் எழுந்தாள். அவள் எழவில்லை, எழுவது தெரிந்தது. கதவு. வராந்தா. சின்னப்பன் எதிரே வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டார். கண்ணீர் வருகிறதா? வராந்தாக் கண்ணாடியில் பார்த்தாள். வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் வாய் சிரித்தது. பல் போனவர்கள் சிரிப்பதுபோல், உதட்டை உள்ளே மடித்து.

வாசலில் ஷேர் ஆட்டோ டிரைவர் கூவிக்கொண்டிருந்தான். "திருச்சானூர், திருச்சானூர், ஏறும்மா!"

"வேணாம் நைனா," என்றது அவள் வாய். "நடந்தே பூடறேன்."

செருப்பை வாசலிலேயே கழற்றி, ஓரமாக, ஜோடியாக வைத்தன கைகள்.

வெயில். தார் ரோடு. பாதம் பட்ட இடமெல்லாம் ஈரத் தடம். முதலில் வேர்வை. பிறகு சிவப்பு. ரோஹிணி பின்னால் இருந்தாள், மிகவும் பின்னால், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவள்போல். ஊர் நகர்ந்தது. மலை கிட்டே வந்தது. வலி இல்லை. எதுவும் இல்லை.

அலிபிரி. கற்பூரப் புகை. மஞ்சள் பூசிய முதல் படி. கைகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. கொப்பளம் உடைந்து தோல் தொங்கிய வலது பாதம் உயர்ந்தது. பஸ் படியில் ஏறாத பாதம். கொதிக்கும் கல்லில் ஆசையாக அழுந்தியது.

"காலு நல்லா கீது," என்றது வாய். "நல்லா கீது பாப்பா."

மேலே படிகள் தெரிந்தன. ரோஹிணியால் கண்ணை மூட முடியவில்லை.