பேர் வெட்டிய டம்ளர்

"எனக்கும் டம்ளர்லயே குடுங்கம்மா."

கேட்டேவிட்டாள் சுடர்விழி. போகிற வீட்டில் எதில் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடு, டம்ளர் மட்டும் என்றைக்கும் கேட்காதே என்று அவள் அம்மா அம்சம் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். இந்த மாதிரி வீட்டுக் கொல்லையில் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்தவள் அம்சம். அவளுக்குத் தெரியும்... கேட்டால் என்ன நடக்கும் என்று.

இனியவனின் அம்மா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தட்டில் இனியவனுக்கு எவர்சில்வர் டம்ளர். சுடர்விழிக்குப் பேப்பர் கப்.

முதலில் அந்தத் தட்டில் இரண்டு டம்ளர்தான் இருந்தது. சிரித்த முகமாய் எடுத்து வந்தவர், எந்த ஊரும்மா என்று கேட்டார். நீடாமங்கலம் பக்கம் என்றாள். ஊர்ப் பேரைச் சொன்னதும், அங்கே எந்தத் தெரு என்று கேட்டார். தெற்குத் தெரு என்றாள், நிமிர்ந்து. கைக்கு வந்த தட்டு அப்படியே திரும்பிவிட்டது. காபி ஆறிவிட்டதாம், சூடு பண்ணிக்கொண்டு வருகிறாராம். அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

இனியவனும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அந்தக் கண்களா... என்று இருந்தது அவளுக்கு.

பச்சைமலையில் முதன்முதலாக அவளைத் தடுமாற வைத்த கண்கள் அவை. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. சாலை முழுக்க ஈரம், மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன, எங்கோ ஒரு பறவையைத் தவிர வேறு சத்தமில்லை. சைக்கிளில் தனியாக மலை ஏறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் தொடங்கிய பித்து அது. படித்து முடித்து, திருவாரூரில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் பழைய ரோட் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தாள். மேடே இல்லாத ஊர்க்காரி, வெண்ணாற்றங்கரையில் எதிர்காற்றை மிதித்து மிதித்தே மலைக்குத் தயாரானவள்.

முதல் வளைவில் பின்னாலிருந்து ஒருவன் மணியடித்தான். ஓரமாப் போங்க என்று அதட்டலாய்ச் சொல்லிவிட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு பறந்தான். போ ராசா, போ... என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த வளைவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கால் பிடித்துக்கொண்டுவிட்டது. பாட்டிலும் காலி.

தாண்டிப் போய்விடத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை.

"தஞ்சாவூர்ப் பக்கமா?" என்றாள் இறங்காமலே.

"மன்னார்குடி... எப்படிங்க தெரியும்?"

"மேட்டப் பாத்ததும் காத்த எதுத்து மிதிக்கற மாதிரி குனிஞ்சீங்களே. நம்மூருல மேடுன்னா ஆத்துப் பாலம்தான? ஒரே மூச்சுல ஏறிடலாம்னு நெனச்சிருப்பீங்க."

வலியிலும் சிரித்தான். தன் பாட்டிலை நீட்டினாள். வாங்கியவன் அண்ணாந்து குடிக்கப் பார்த்து, மூச்சு வாங்கி, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான்.

"வாய் வெச்சே குடிங்க. எச்சில் பாத்தா இங்கயே கெடக்க வேண்டியதுதான்."

வாய் வைத்துக் குடித்தான். குடித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். பாட்டில் திரும்பி வந்ததும் அவளும் துடைக்காமல் குடித்தாள். ஏன் துடைக்கவில்லை என்று மலை ஏறி முடிக்கும்வரை யோசித்தாள்... முகம் சூடாக இருந்தது, வெயிலே இல்லை.

அதன்பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். போன வாரம் உச்சியில், மேகம் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தபோது, அம்மாவை ஒருமுறை வந்து பாருங்கள் என்றான். அப்புறம் நான் கேட்கப்போவதற்குப் பதில் சொல்லுங்கள் என்றான். என்ன கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாதா? எங்கள் தெரு எதுவென்று தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும், எனக்கு அது ஒண்ணும் இல்ல என்றான்.

அந்த ஒண்ணுமில்லாததுதான் இப்போது தட்டில் இருந்தது.

இனியவன் எழுந்தான். பேப்பர் கப்பை எடுத்தான். மடமடவென்று தானே குடித்து, கசக்கி, டீப்பாயில் வைத்தான். ஏதோ பெரிதாகச் செய்துவிட்டவன் மாதிரி அவளைப் பார்த்தான்.

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நீங்க பேப்பர் கப்புல குடிச்சா எனக்கு டம்ளர் வந்துடுமா, இனியவன்?"

அவன் முகம் விழுந்துபோயிற்று.

அவன் அம்மா தட்டைக் கீழே வைத்தார். தான் ஒன்றும் கெட்டவள் இல்லை என்றார். அந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கம், மனசில் ஒன்றும் கிடையாது, நீயும் என் பெண் மாதிரிதான் என்றார். பெண் மாதிரி என்ற வார்த்தையைக் கேட்டதும் சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவரைப் பார்க்க ஒரு கணம் பாவமாகவும் இருந்தது... அதற்காக விட்டுவிட முடியுமா?

"காபி வேணாம்மா. தண்ணி போதும். டம்ளர்ல."

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. மலையில் அத்தனை வளைவிலும் வராத படபடப்பு இந்தக் கூடத்தில் வந்தது. நீ போய் எடுத்து வருகிறாயா இல்லையா என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகவில்லை என்றால் இன்றோடு முடிந்தது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

அவன் அடுப்படியை நோக்கி நடந்தான். அவன் அம்மா அதன் வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"எடுக்கறதுன்னா எடுத்துக்க. அப்பறம் அது வெளியதான் கெடக்கும். நான் தொட மாட்டேன்."

நின்றுவிட்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது அவளுக்கு. அந்த முதுகைப் பார்த்தபடியே, இந்த வீடு தனக்கு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். இனி அவன் போனாலும் சரி, நின்றாலும் சரி.

போனான். அம்மாவை மெல்ல விலக்கிவிட்டுப் போனான். குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வந்தவன் கையில் இருந்தது அவனுடைய டம்ளர். காது குத்தின அன்று மாமன் சீரில் வந்தது, 'இனியவன்' என்று பேர் வெட்டியிருந்தது. நீட்டும்போது தண்ணீர் தளும்பி அவள் விரலில் பட்டது.

அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துக் குடித்தாள், நிதானமாக, கடைசிச் சொட்டுவரை. அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பயந்துட்டேன் சுடர்," என்றான் இனியவன் தணிந்த குரலில். "மலையில சொன்னப்ப பயமே இல்ல. இங்கதான்... ஆனா நீங்க இல்லாம எனக்கு முடியாது. அத அம்மா முன்னாடியே சொல்றேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்... அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பதில் கேட்டீங்கல்ல? எனக்கும் உங்களத்தான் பிடிச்சிருக்கு. என் பாட்டில்ல வாய் வெச்சுக் குடிச்சீங்களே, அன்னைலேருந்து. வாழ்ந்தா உங்களோடதான். ஆனா இந்த வீட்டுக்கு வாழ வர மாட்டேன். நாம வேற வீடு பாத்துக்கலாம்."

அவன் வாயைத் திறந்தான். கையமர்த்தினாள்.

"ஞாயித்துக்கெழம எங்க தெருவுக்கு வாங்க. பகல்ல, சைக்கிள்ல. எல்லாரும் பாக்கட்டும்."

பிறகு அவன் அம்மா பக்கம் திரும்பினாள்.

"இது வெளியதான கெடக்கும்னீங்க? நான் எடுத்துட்டுப் போறேம்மா. இவர் வந்தா எங்கம்மா இதுலதான் காபி குடுப்பாங்க."

டம்ளரைச் சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் செருகிக்கொண்டாள். கூடத்தைக் கடந்து, படியிறங்கி, தூறலில் நனைந்து நின்ற சைக்கிளை நோக்கி நடந்தாள். ஈர டம்ளர் இடுப்பில் சில்லென்று அழுத்திக்கொண்டு வந்தது.