தடுத்த முகவரி

தடுத்து வைத்த முகவரியிலிருந்து மெயில் வந்திருந்தது. ஒன்றல்ல, ஒன்பது. எல்லாம் நேராக இன்பாக்ஸில்.

ஆரணிக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. பட்டு ஏற்றுமதி செய்யும் வீரபாகு, கண்ணாடி அறைக்குள் ஏசியைக் கூட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அனுப்பியவள் அகல்யா. அவருடைய சாயப்பட்டறையின் சூப்பர்வைசர். பிசின் போக சோப்புத் தண்ணீரில் பட்டு வேகவைக்கும் பாய்லரில் வால்வு அடைத்துக்கொள்கிறது, மாற்றுங்கள் என்று பதினோரு மெயில் போட்டவள். மூன்றாவதிலேயே பேஜாராகி அவள் முகவரியைத் தடுத்துவிட்டார். மிச்சம் எட்டும் ஸ்பேமில் விழுந்தன. பாய்லர் வெடித்து அவள் வெந்து செத்த பிறகுதான் அவற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான், "எனக்கு யாரும் சொல்லலைங்க" என்று போலீசிடம் கைகூப்பினார். படுபாவி, அன்றைக்கும் வயிறாரச் சாப்பிட்டார்.

கம்ப்யூட்டர் பார்க்கும் கிரணிடம் நைசாக விசாரித்தும் வைத்திருந்தார்.

"நாம வைக்கிற செட்டிங்தான் சார் முதல்ல. நாம எதுவும் வைக்கலன்னா, மெயில் கம்பெனிக்காரங்க வச்சது தானா ஓடிகினு இருக்கும். ஸ்பேம்ல கெடக்கிறத முப்பது நாள்ல அதுவே அழிச்சிடும்."

தன் கையால் அழித்தால் கேள்வி வரும். தானாக அழிந்தால் யாரைக் கேட்பார்கள்? காத்திருந்தார். அவளுடைய கடைசி மெயில் வந்து நேற்றோடு முப்பது நாள்.

ஸ்பேம் காலியாகத்தான் இருந்தது. எட்டும் இங்கே வந்திருந்தன. ஒன்பதாவது, இன்று மாலை அனுப்பியது.

"சார், உங்க செட்டிங்க மாத்திட்டேன். அகல்யா."

தடுத்தவர்கள் பட்டியலைத் திறந்தார். அவள் பெயர் இல்லை. ஒரே ஒரு முகவரி இருந்தது. அவருடையது.

ஏசிக் காற்றில் சோப்புத் தண்ணீரும் வெந்த பட்டின் பிசினும் கலந்த வாடை மெல்ல ஏறி, நாக்கில் படிந்து, அதன் அடியில் வேறொன்றும், பட்டு அல்லாத ஏதோ வேகும் வாடையும் சேர்ந்துகொள்ள, எங்கிருந்தோ மெல்லிய சீறல் கேட்டது. பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அலோ, யாருங்க? பேசுங்களேன்." மனைவி ஸ்வர்ணலதா. அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "யாருமே பேசல" என்று அவள் வைத்துவிட்டாள்.

கதவுப் பிடி கொதித்தது. கையை இழுத்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே கிரண். அவரை நேராகப் பார்த்தான்.

"சார் எப்ப கெளம்பினாரு?" என்று வாட்ச்மேன் முருகேசனைக் கேட்டான்.

"நான் பாக்கலையேப்பா."

விளக்கை அணைத்தார்கள். தட்டினார். கத்தினார். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

சீறல் முதுகுக்குப் பின்னால். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. உள்பக்கம். அவர் கை பதிந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து பதிந்தது. சின்னக் கை. கை நகர்ந்தது. தோல் மட்டும் கண்ணாடியிலேயே ஒட்டி நின்றது.