ரோஸியோடு நடந்தவன்

வாசலில் கிடந்தது அந்த உடல்!

நாக்கு வெளியே. நான்கு கால்களும் நான்கு திசையில். அசைவே இல்லை...

பயப்படாதீர்கள். ரோஸி காலை வாக்கிங் முடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள்.

ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர் கலியபெருமாளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நாயை நடத்துவது ஆரோக்கியராஜின் வேலை. பேப்பருக்குள் வந்த நோட்டீஸைப் பார்த்துப் பிடித்த ஆள். மஞ்சக்குப்பமே சிரித்தது. மாடு மேய்க்க ஆள் வைப்பார்கள், நாய் மேய்க்கவுமா?

மூன்று மாதம். ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை.

ஆரோக்கியராஜ் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான்.

"போறேன் சார்."

கலியபெருமாள் கையிலிருந்த பேப்பர் நழுவியது.

போறேனா?!

தினமும் "போயிட்டு வர்றேன் சார்" என்பான். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன்தான் அதைச் சொல்லமாட்டான். இவன் திரும்பி வரப்போவதில்லை!

"டேய், நில்லுடா!"

தெருவில் ஆள் இல்லை. செல்போன்... ஸ்விட்ச்டு ஆஃப்!

எதையோ அடித்துவிட்டான் திருடன்!

ரோஸியின் காதைப் புரட்டினார். பழைய தழும்பு இருந்தது. நாயை மாற்றவில்லை. பீரோவைத் திறந்தார். நகை இருந்தது.

"அனு! வெள்ளி வெளக்கு இருக்கா பாரும்மா!"

கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படி ஏறினார்.

மகள் அனுப்பிரியாவுக்குச் சிதம்பரத்தில் வேலை. தினமும் ஆறரை பஸ். இன்று லீவு, மாடியில் தூங்குகிறாள் என்றல்லவா நினைத்தார்!

மாடி காலி. கட்டிலோரம் இருந்த நோக்கியா சார்ஜரையும் காணோம்.

சார்ஜரோடு போன பெண் சாயங்காலம் திரும்பமாட்டாள்!

தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண். அவள் 'போறேன்' என்றுகூடச் சொல்லவில்லையே!

"ரோஸி! தேடு!"

ரோஸி துள்ளி எழுந்தாள். தினமும் பீச்சுக்குப் போகிற நாய் பீச் ரோடு பக்கம் திரும்பவேயில்லை. நேராகத் தபாலாபீஸ் பஸ் ஸ்டாப்புக்கு இழுத்தாள்... அனு பஸ் ஏறுகிற அதே ஸ்டாப்!

அடப்பாவி! மூன்று மாதமாக ரோஸி கடலையே பார்த்ததில்லை!

நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சிதம்பரம் பஸ் நின்றிருந்தது. படியருகே அனு. பக்கத்தில் பையோடு ஆரோக்கியராஜ்!

"ரோஸி! புடி!"

பாய்ந்தாள் ரோஸி... அவன் முகத்தை நக்கினாள்!

"துரோகி!" என்றார் கலியபெருமாள்.

அனுவின் கண்கள் கலங்கின. "பத்தரைக்கு சிதம்பரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம்ப்பா. அவுங்க வேற மதம்... நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு..."

"கேட்டியா? ஒரு வாட்டி என்னைக் கேட்டியாடி?" குரல் உடைந்துவிட்டது. அவன் பக்கம் திரும்பினார். "நீ ஏண்டா 'போறேன்'ன? ஒழுங்கா 'போயிட்டு வர்றேன்'னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிக்கினு இருந்திருப்பேனே!"

"இனிமே உங்க வூட்டுப் படி ஏற வுடமாட்டீங்கன்னு தெரியும் சார். மூணு மாசம் நம்பி நாயைக் குடுத்தீங்க. கடைசியா ஒரு பொய் சொல்ல வாய் வரல."

இருபத்தெட்டு வருஷ சர்வீஸில், உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்ட ஆளை அவர் பார்த்ததே இல்லை.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"இப்ப ஒழுங்கா சொல்லுடா."

"போ... போயிட்டு வர்றேன் சார்."

"சாரா?"

"...மாமா!"

அனு அழுதுகொண்டே சிரித்தாள்.

"சாட்சிக்கு எத்தினி பேரு?" இன்ஸ்பெக்டர் குரல் திரும்பியிருந்தது.

"மூணு பேரு வேணும் மாமா. ரெண்டு பேருதான் வர்றாங்க..."

கலியபெருமாள் ரோஸியின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டார். நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். எதிரே நின்ற வாடகைக் காரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"மூணு மாசமா கண்ணால பாத்த சாட்சி இவதான். கையெழுத்துப் போடத்தான் தெரியாது... அதுக்கு நான் வர்றேன்!"