இசக்கி பார்க்காதவை

ஃபரீதாவைக் கடித்தது எது என்று ஃபரீதாவுக்கே தெரியவில்லை. கெண்டைக்காலில் பல் பதிந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவளோ விடுதிப் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாட்டி இசக்கி, வெறும் பாதை. திடீர்னு சுரீர்ங்குது. பேயிதான் கடிச்சிருக்கும்."

இசக்கி குனிந்து காயத்தைக் கழுவினாள். "பேய்க்கு இப்படிப் பல்லு இருக்காது. நாய்."

"நாயா? நாயெல்லாம் போயிட்டுல்லா! ரெண்டு மூணு நாளா ஒண்ணுகூடக் கண்ணுல படல."

இசக்கியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆமாம், அவள் கண்ணிலும் படவில்லை. அதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி!

செம்புழுதி வந்து இறங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளியே வெறுங்கண்ணால் பார்த்தால் நீட்டிய கைகூடத் தெரியாது. அதனால் எல்லோர் முகத்திலும் வரைகண் இருந்தது. அது ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்கி, எதிரே இருப்பதைக் கோட்டோவியமாகக் கண்முன் வரைந்து காட்டும். புகைப்படம் போலக் காட்ட முயன்ற பழைய கருவிகள் ஒவ்வொரு தூசியையும் காட்டித் தோற்றுப்போயின. அன்றிலிருந்து பல்கலைக்கழகத்தில் ஓவியக் கணிமைக்கென்று ஒரு துறையே உண்டு.

"இருக்கிறதெல்லாம் காட்டுனா அது கேமரா. எதை விடணும்னு தெரிஞ்சாத்தான் ஓவியம்" என்று பேராசிரியர் ஞானதிரவியம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அதைத்தான் இசக்கி தன் ஆய்வாக எடுத்துக்கொண்டாள். வரைகண் போடும் கோடுகள் அதிகமாகி எல்லோருக்கும் தலைவலி. அவள் செய்த கோடுகழிப்பான், மனிதக் கண் எங்கே தங்குகிறது என்று கற்றுக்கொள்ளும். கண் தங்கும் இடத்தை வரையும். கண் விலகும் இடத்தை வெள்ளையாக விட்டுவிடும்.

அதற்குக் கற்றுக்கொடுக்க நாற்பது பேரின் பார்வை வேண்டும் என்றார் பேராசிரியர். இசக்கி அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு கதவின் முன்னாலும் தட்டக் கையை உயர்த்துவாள், தட்டாமல் திரும்பிவிடுவாள். "எனக்காக இதைக் கொஞ்சம் மாட்டிக்கிடுதியா?" என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் நாற்பது பேரைத் தானே உண்டாக்கினாள். நாற்பது முறையும் தன் முகத்திலேயே மாட்டிக்கொண்டு நடந்தாள். இப்போதும் கழிப்பான் அந்த நாற்பது பேரைக் கேட்டுத்தான், அதாவது அவளை மட்டும் கேட்டுத்தான், நொடிக்கு நொடி கற்றுக்கொண்டிருந்தது.

நாயைக் கண்டால் இசக்கி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விடுதிக்குப் பின்னால் இருக்கும் கல்குவாரிப் பள்ளத்தின் பக்கமும் பார்க்கமாட்டாள். அப்புறம் வேப்பமரத்தடியில் நிற்கும் அந்த ஆள். ஒரே ஒரு முறைதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். உயரமானவன், ஒரு தோள் தாழ்ந்திருக்கும். மாலையானால் அவள் பின்னாலேயே படிவரைக்கும் வருவான். அவளும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பாள்.

அவனும் கொஞ்ச நாளாய்க் காணோம்.

வரைகண்ணிலேயே பேராசிரியரை அழைத்தாள். "சார்... அந்த நாப்பது பேரும் நான்தான் சார்."

"என்னம்மா சொல்லுத?"

அவள் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

"மூணு நாளைக்கு முன்னாலயே ஊர் முழுக்க அனுப்பிவிட்டேன் இசக்கி. தலைவலி போச்சு, மனசு லேசா இருக்குன்னு ஆளாளுக்குப் புகழுதாங்க. திருப்பி எடுக்கணும்னா நாளைக்கு ஆயிரும்." அவர் குரல் இறங்கியது. "நீ பாக்காததுதான் போயிருக்கு. நீ பாத்தாத்தான் எல்லாருக்கும் வரும்."

"இல்லாததை எப்படி சார் பாக்க?"

"இல்லாம இல்லம்மா. வெள்ளையா இருக்கு, அம்புட்டுதான். அதையே பாரு."

இதற்குள் ஃபரீதா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். "ஊசி போட்டுட்டு வாரேன். நீ அழாதட்டி, கடி வாங்குனது நானு."

"ஃபரீதா, போகாத!"

"எதுக்கு? பாதையில ஒண்ணுமே இல்லயே."

உண்மைதான். ஒன்றுமே இல்லை. பாதைக்கு இரண்டு கோடுகள், தூரத்தில் வேப்பமரம், நடுவில் நொண்டிக்கொண்டு போகும் ஃபரீதா. மீதியெல்லாம் எழுதாத தாள். எவ்வளவு அழகாக விட்டிருக்கிறது என்று நேற்றுவரை இசக்கி பெருமைப்பட்ட வெண்மை. அதில் எங்கே என்ன நிற்கிறது?

படியிறங்கிப் பாதையில் நின்றாள். பழக்கத்தில் தலை தானாகக் குனிந்தது. தாடையைக் கையால் பிடித்து நிமிர்த்திக்கொண்டு, ஃபரீதாவின் பக்கத்து வெண்மையில் கண்ணை நிறுத்தினாள். ஒன்றும் வரவில்லை. கண் எரிந்தது. இமைக்காமல் இருந்தாள்.

ஒரு சிறு கோடு நெளிந்தது. வால். அதன் பின் முதுகு, காது, திறந்த வாய். ஒன்றல்ல, ஒரு கூட்டமே படுத்திருந்தது.

"அல்லா!" ஃபரீதா அலறிக்கொண்டு பின்வாங்கினாள். ஒரு நாய் எழுந்து நின்றது.

இசக்கி வேப்பமரத்தடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே யாரும் வரவில்லை. போய்விட்டானோ என்று மூச்சு விட்டவள், திரும்பித் தன் பக்கத்து வெண்மையைப் பார்த்தாள்.

முதலில் வந்தது தாழ்ந்த தோள். பிறகு கழுத்து. பிறகு கை, அவள் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில், விரித்த விரல்களோடு. அவன் முகத்திலும் வரைகண் இருந்தது. தன் கை தன் கண்ணிலேயே கோடு கோடாக முளைப்பதைப் பார்த்தான் போலும். விரல்கள் அந்தரத்தில் நின்றன.

"யாருட்டி அது ஒன் பக்கத்துல!" ஃபரீதா கத்தினாள்.

விடுதி சன்னல்களிலிருந்து ஒரே நேரத்தில் கூச்சல் கிளம்பியது. அப்பால் சாலையில் யாரோ ஓலமிட்டார்கள். நகரமெங்கும் எத்தனை வேப்பமரங்கள், எத்தனை தாழ்ந்த தோள்கள்.

"இசக்கி!" காதில் பேராசிரியரின் குரல் நடுங்கியது. "என் வாசல்ல... எம்மா, யாரு இவனுங்கல்லாம்? எத்தன நாளா நிக்கானுங்க? போதும். கண்ண மூடு!"

"கண்ண மூடுட்டி! என்னால பாக்க முடியல!" என்று ஃபரீதாவும் அழுதாள்.

மூடிவிட்டால் எல்லாம் மறுபடி வெள்ளையாகிவிடும். அந்தக் கையும்.

அவள் கண்ணை மூடவில்லை. அவன் முகத்துக்குப் பின்னால் இன்னும் வெள்ளையாகவே இருந்த இடத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.